பெயர்ச் சீட்டு இல்லாத புட்டி

சித்தூர்ச் சீமையில் பங்காருபாளையம் போன்ற மாஞ்சந்தை ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கார்பைட் கல்லை அறிமுகம் செய்துவைக்க வேண்டுவதில்லை. காய்களை விரைந்து பழுக்க வைப்பதற்காக நாடெங்கும் பழ மண்டிகளில் கையாளப்பட்டு வந்த சாம்பல் நிறக் கல் அது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அம்முறையைத் தடை செய்திருக்கின்றன. அதே கல் ‘கால்சியம் கார்பைட்’ என்னும் பெயருடன் ரசாயனச் சோதனைச்சாலைகளிலும் புட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. ஈரம் படாமல் இருக்கும்வரை அது சாதுவான கல். நீர் பட்டவுடன் அசிட்டிலீன் வாயுவைக் கக்கத் தொடங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அசிட்டிலீன் கலந்தாலே போதும். ஒரு சிறு பொறி அதனை வெடிக்கச் செய்துவிடும்.

இனி, நண்பர்களே, ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். சோதனைச்சாலையின் மூலையில் சிறு தீ ஒன்று எழுகிறது. அருகே கார்பைட் புட்டி இருக்கிறது. அதன்மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு என்றோ அரித்து உதிர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு ஓடி வருகிற ஒருவர் வாளி நிறைய நீரை எடுத்து வீசுகிறார். புட்டி உடைந்து கல் நனைகிறது. தீயை அணைக்க வந்த நீரே தீக்கு உணவு படைத்து விடுகிறது! இங்கே குற்றம் யாருடையது? கல் தன் இயல்பின்படி நடந்தது. நீரும் தன் இயல்பின்படி நடந்தது. அக்கல்லைப் பற்றிய அறிவு அக்கல்லை விட்டுப் பிரிந்து போயிற்றே, அதுதான் குற்றம்.

ரசாயன விபத்துக்கள் பலவற்றை ஆராய்ந்து பார்த்தால் இவ்வுண்மையே மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம். பொருள் ஓரிடத்தில் இருக்கும். அதைப் பற்றிய அறிவு வேறோரிடத்தில் இருக்கும். இரண்டும் பிரிந்த இடத்தில் ஆபத்து குடிபுகும். இதனைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரிவது எது?

தீ உண்டாவதற்கு மூன்று பொருள்கள் கூட வேண்டும்: எரிபொருள், பிராணவாயு, உஷ்ணம். இது பள்ளிப் பாடம். ஆனால் திரவங்களைப் பொறுத்தமட்டில் ஒரு நுட்பத்தை நாம் மறந்துவிடுகிறோம். எரிவது திரவமன்று, திரவத்தின்மேல் எழும் ஆவியே எரிகிறது. ஒரு திரவத்தின் ஆவி, அருகில் சுடர் வந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் செறியத் தொடங்கும் மிகக் குறைந்த உஷ்ணநிலையைப் ‘பற்றுநிலை’ என்று குறிப்போம். மண்ணெண்ணெயின் பற்றுநிலை ஏறக்குறைய 38 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டது. கலப்பற்ற எத்தில் ஆல்கஹாலுக்கு 13 டிகிரி. டொலுவீனுக்கு 4 டிகிரி. பென்சீனுக்கோ சுழிக்குக் கீழே 11. அசிட்டோனுக்குச் சுழிக்குக் கீழே ஏறக்குறைய 20. ஈதருக்குச் சுழிக்குக் கீழே 45!

இவ்வெண்களின் பொருள் யாது? மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைக்க நம் தாய்மார் திரியை ஏற்றிச் சற்று நேரம் காட்ட வேண்டியிருந்தது. ஈதருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. பனிக்கட்டிக்குள் வைத்தாலும் அதன் ஆவி பற்றுவதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது. போதாக்குறைக்கு அதன் கொதிநிலை 34.6 டிகிரிதான். கோடையில் திருப்பதியிலும் சித்தூரிலும் வெயில் 40 டிகிரியைத் தொடுவது நாம் அறிந்ததே. ஆகவே மேலை நாட்டுக் குளிரில் எழுதப்பட்ட செய்முறைப் புத்தகம் ‘அறை உஷ்ணநிலையில் வைக்கவும்’ என்று கூறும்போது, அந்த அறை எந்த ஊர் அறை என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கோடையில், விசிறியும் ஓடாத ஒரு பிற்பகலில், திறந்து வைத்த ஈதர் கொதித்தே போய்விடும்.

ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. எனவே அது மேலே எழுந்து கலைந்து போவதில்லை. மேசையின்மீது நீரைப்போல வழிந்து, தரையில் இறங்கி, பள்ளம் நோக்கிப் பரவுகிறது. பல அடி தூரத்தில் வேறொரு மாணவர் கவலையின்றி ஏற்றி வைத்திருக்கும் புன்சன் அடுப்பை அது சென்று அடைகிறது. அங்கே பற்றிய சுடர் வந்த வழியே திரும்பி ஓடிவந்து புட்டியை அடைகிறது. ‘என் மேசையில் நெருப்பே இல்லையே!’ என்று வியப்பதில் பயனில்லை. அடுத்த மேசையில் இருந்தது, அதுவே போதும்.

சுடரே இல்லாவிட்டாலும் சில ஆவிகள் பற்றும். கார்பன் டைசல்பைடு ஏறக்குறைய 100 டிகிரி உஷ்ணத்திலேயே தானாகப் பற்றக்கூடியது. நீராவி செல்லும் குழாயின் சூடு அதற்குப் போதும். வீட்டு உபயோகத்திற்கான குளிர்பதனப் பெட்டியில் இத்தகைய திரவங்களை வைப்பது மற்றொரு தவறு. பெட்டிக்குள் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் விளக்கின் விசையும் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் சிறு மின்பொறியை உண்டாக்கலாம். மூடிய பெட்டி, நிறைந்த ஆவி, ஒரு பொறி: வெடிகுண்டுக்கு வேறு இலக்கணம் தேவையில்லை. இதற்கெனப் பொறி எழாவண்ணம் அமைக்கப்பட்ட தனிப் பெட்டிகள் உண்டு. எரியும் திரவங்களைச் சூடாக்க நீர்த்தொட்டியையோ மின்சூட்டுறையையோ பயன்படுத்துவதும், காற்றை வெளியே இழுக்கும் ஆவிப்பேழைக்குள் வேலை செய்வதும் இக்காரணங்களால் ஏற்பட்ட விதிகளேயன்றி ஆசிரியரின் பிடிவாதங்கள் அல்ல.

காலம் செய்யும் கேடு

புட்டியின்மேல் பெயர் எழுதியிருந்தால் மட்டும் போதுமா? போதாது, நாளும் எழுதியிருக்க வேண்டும். அடைத்து வைத்த ஈதர் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல ஏற்றுப் பெராக்சைடு என்னும் பொருளை உண்டாக்கிக் கொள்கிறது. ஐசோபுரொப்பைல் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டையாக்சேன் ஆகியவற்றுக்கும் இக்குணம் உண்டு. திரவத்தைக் காய்ச்சி வடிக்கும்போது ஈதர் ஆவியாகிப் போய்விட, பெராக்சைடு அடியில் செறிகிறது, இறுதியில் வெடிக்கிறது. சில பழைய புட்டிகளில் மூடியைச் சுற்றிலும் வெண்ணிறப் படிகங்கள் படிந்திருக்கும். அந்நிலையில் மூடியைத் திருகுவதே ஆபத்து. தொடாமல் விலகி, அறிந்தவரை அழைப்பதே அறிவுடைமை. ஆகவே அத்தகைய புட்டியின்மேல் வாங்கிய நாள், திறந்த நாள் இரண்டையும் குறிப்பது முதல் கடமை. அமிலம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடு கரைசலில் சிறிது ஈதரை இட்டுப் பார்த்தால், பெராக்சைடு இருக்குமாயின் மஞ்சளோ பழுப்போ தோன்றும். இச்சோதனையைக் காலந்தோறும் செய்துவருவது இரண்டாவது கடமை.

காலத்தின் கேடு எவ்வளவு பெரிதாக முடியக்கூடும் என்பதை ஆந்திர நாடே கண்ணுற்றது. 2020ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் விடியற்காலையில் விசாகப்பட்டினத்தை அடுத்த வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் தொழிற்சாலையின் கொள்கலத்திலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளிப்பட்டு ஊருக்குள் புகுந்தது. 12 பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை சேர்ந்தனர். ஸ்டைரீனின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் இயல்புடையவை. அப்படிக் கோத்துக்கொள்ளும்போது உஷ்ணம் வெளிப்படும். அவ்வுஷ்ணம் கோத்தலை மேலும் விரைவுபடுத்தும். இதனைத் தடுக்கத் தடைப்பொருள் ஒன்றைக் கலந்து, குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். கொரோனா ஊரடங்கினால் ஆலை வாரக்கணக்கில் ஓய்ந்திருந்தது. ஆலை ஓய்ந்ததேயன்றிக் கொள்கலத்துக்குள் இருந்த திரவம் ஓயவில்லை. தடைப்பொருள் குறைந்து போயிருந்தது, உஷ்ணம் ஏறியது. உஷ்ணமானியோ கொள்கலத்தின் அடிப்பகுதியை மட்டுமே அளந்து வந்ததால், மேற்பகுதி கொதித்ததை அது காட்டவில்லை என்பதை விசாரணைக் குழு எடுத்துக் காட்டியது.

கல்லூரி விடுமுறையும் ஒரு சிறு ஊரடங்கே. நாம் ஊருக்குப் போய்விடுகிறோம், புட்டிகள் போவதில்லை. மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைத்த சோடியத்தின் மேலிருக்கும் எண்ணெய் வற்றிக்கொண்டிருக்கும். நீரில் அமிழ்த்தி வைத்த வெண் பாஸ்பரத்தின் மேலிருக்கும் நீரும் வற்றிக்கொண்டிருக்கும். முப்பது டிகிரியைச் சற்றுத் தாண்டிய உஷ்ணத்திலேயே வெண் பாஸ்பரம் காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதையும், நம் விடுமுறை கோடையிலேயே வருகிறது என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்ளுங்கள்.

அண்டை வீட்டுப் பகை

புட்டிகளை அலமாரியில் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி வைப்பது பல இடங்களில் வழக்கம். தேடுவதற்கு எளிது; ஆனால் ரசாயனம் அகரவரிசையை மதிப்பதில்லை. நைட்ரிக் அமிலத்துக்கு அண்டையில் நைட்ரோபென்சீன் வந்து அமர்ந்துவிடும். பெர்குளோரிக் அமிலத்தின் தோளில் பெட்ரோலியம் ஈதர் சாய்ந்து நிற்கும். முன்னது பிராணவாயுவை வாரி வழங்கும் பொருள். பின்னது எரிவதற்குக் காத்திருக்கும் பொருள். இரண்டும் ஒரே அலமாரியில் உடைந்தால் என்னாகும் என்று சொல்லவும் வேண்டுமோ? எனவே முதலில் இயல்புபடி பிரித்து வைக்க வேண்டும்: எரியும் திரவங்கள் ஓரிடம், பிராணவாயு வழங்குவன ஓரிடம், அமிலங்கள் ஓரிடம், காரங்கள் ஓரிடம், நீரோடு சேராதவை உலர்ந்த தனியிடம். அதற்குப் பின்னரே அகரவரிசை.

கழிவுப் புட்டியைப் பற்றி இங்கே ஒரு சொல். வேலை முடிந்ததும் எஞ்சியதையெல்லாம் ஒரே புட்டியில் கொட்டி மூடிவிட்டுப் போகும் பழக்கம் மிகக் கொடியது. நைட்ரிக் அமிலத்தின் கழிவோடு ஆல்கஹாலோ அசிட்டோனோ சேருமானால், உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சிறிது நேரங் கழித்து வாயு பெருகி, இறுக மூடிய புட்டி சிதறும். கொட்டியவர் அதற்குள் விடுதியில் உணவருந்திக் கொண்டிருப்பார். அடிபடுகிறவர் வேறொருவராக இருப்பார். கழிவுப் புட்டிக்கும் சீட்டு வேண்டும் என்பது இதனாலேதான்.

மாயாபுரி சொல்லும் பாடம்

பெயர் இழந்த பொருள் எத்துணைத் தூரம் பயணம் செய்யும் என்பதற்குத் தில்லியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைவிட நல்ல சான்று கிடையாது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் துறை 1960களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து ஒரு கருவியை வரவழைத்தது. அதனுள்ளே கோபால்ட்-60 என்னும் கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. அதனை வாங்கிப் பயன்படுத்திய பேராசிரியர் ஓய்வு பெற்றார். 1985 முதல் கருவி பயன்படாமல் கிடந்தது. அது என்ன என்று அறிந்தவர் போய்விட்டார். அது மட்டும் எஞ்சியது. 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் பழைய இரும்போடு இரும்பாக ஏலம் போயிற்று. மாயாபுரியிலுள்ள கழிவிரும்புக் கடைகளில் தொழிலாளர்கள் அதனைப் பிரித்தார்கள். காவலாக இருந்த ஈயக் கவசம் நீங்கியது. பளபளத்த துண்டு ஒன்றை ஒருவர் தம் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஏப்ரல் மாதத்தில் தோல் கருத்தது, முடி உதிர்ந்தது, பலர் மருத்துவமனையில் கிடந்தனர், ஒருவர் உயிர் நீத்தார்.

கோபால்ட்-60இன் வீரியம் ஏறக்குறைய ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நாற்பதாண்டுகளில் அது நூற்றுக்கு ஓர் பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். அந்தச் சிறு எச்சமே இவ்வளவும் செய்தது. இதில் உள்ளத்தை உறுத்துவது யாதெனில், துன்புற்றோருள் ஒருவர்கூட ரசாயனம் கற்றவர் அல்லர் என்பதே. கற்றவர்கள் சீட்டு எழுத மறந்தார்கள். கல்லாதவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

தீ எழுந்த பின்

முகவைக்குள் எழுந்த சிறு தீயைக் கண்டு ஓட வேண்டுவதில்லை. கண்ணாடித் தட்டொன்றால் மூடினால் காற்றின்றி அவிந்துவிடும். அதனை மீறிய தீக்குத் தீயணைப்பான் உண்டு. ஆனால் எல்லாத் தீக்கும் ஒரே மருந்து இல்லை. மரம், துணி, தாள் ஆகியவற்றின் தீக்கு நீர் நன்று. எண்ணெய் போன்ற திரவத் தீயில் நீரை ஊற்றினால், எண்ணெய் நீரின்மேல் மிதந்து தீயை ஊரெங்கும் ஏந்திச் செல்லும். அதற்கு நுரையோ உலர்தூளோ கரியமில வாயுவோ வேண்டும். மின்கருவித் தீக்குக் கரியமில வாயு ஏற்றது. ஆனால் சோடியம், மக்னீசியம் போன்ற உலோகங்கள் எரியும்போது நீரும் ஆகாது, கரியமில வாயுவும் ஆகாது. எரியும் மக்னீசியத்தைக் கரியமில வாயு நிரம்பிய சாடிக்குள் இறக்கினால் அது தொடர்ந்து எரிவதைப் பள்ளியிலேயே கண்டிருப்பீர்கள். அதற்கு உலர்ந்த மணலும் உலோகத் தீக்கெனச் செய்த தூளுமே கதி. மூலையில் இருக்கும் மணல் வாளியை எச்சில் துப்பும் தொட்டியாக ஆக்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஈர மணல் சோடியத்துக்கு எதிரியன்று, கூட்டாளி.

ஆளின்மேல் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓட்டம் தீக்குக் காற்றூட்டும். தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது அவசர நீர்த்தாரையின் கீழே நிற்க வேண்டும். 2008ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்னும் திரவத்தை ஊசிக் குழலால் மாற்றிக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தீப்பற்றும் திரவம் அது. குழலின் தண்டு கழன்று வெளியே வந்துவிட்டது. அவர் சோதனைச்சாலை மேலங்கி அணிந்திருக்கவில்லை. உடுத்திருந்த செயற்கை இழைச் சட்டை பற்றிக்கொண்டது. சில அடி தூரத்தில் நீர்த்தாரை இருந்தும் பயன்படுத்தப்படவில்லை. பதினெட்டு நாட்களுக்குப் பின் அவர் இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 2009 டிசம்பர் 29 அன்று, பம்பாய் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் ரசாயன ஆய்வுக்கூடம் ஒன்றில் எழுந்த தீயில் இளம் ஆராய்ச்சி மாணவர் இருவர் கருகி மாண்டனர். 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் நிகழ்ந்த வாயு வெடிப்பு ஓர் ஆய்வாளரைப் பலி கொண்டது. இவர்கள் நம்மைப்போல் படித்த இளைஞர்கள். அறிவு அவர்கள் இருந்த கட்டடத்தில் இருந்தது. வேண்டிய நொடியில் கைக்கு எட்டவில்லை.

எனவே மேலங்கியும் கண்ணாடியும் அணிவதோடு, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் வாயில் எங்கே, தீயணைப்பான் எங்கே, நீர்த்தாரை எங்கே என்று ஒருமுறை கண்ணால் தொட்டுப் பாருங்கள். தீயணைப்பானைப் பிடிக்கும்போது வாயில் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். ஊசியை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். அடங்காவிடில் வெளியேறி, கதவைச் சாத்தி, 101 அல்லது 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அமிலமோ காரமோ கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். தீப்புண்ணுக்கு இருபது நிமிடம் குளிர்ந்த நீர். மையும் பற்பசையும் பூசலாகாது.

யாருக்காகச் சீட்டு?

ஐக்கிய நாடுகள் சபை 2003ஆம் ஆண்டில் உலகனைத்துக்கும் பொதுவான அடையாளப் படங்களை வெளியிட்டது. சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரத்துக்குள் தனிச்சுடர் இருந்தால் அப்பொருள் எரியும். வட்டத்தின்மேல் சுடர் இருந்தால் அது பிறவற்றை எரியச் செய்யும். இவ்விரண்டையும் ஒருபோதும் அருகருகே வைக்கலாகாது. மண்டையோடு கொடிய நஞ்சைக் குறிக்கும்; கையை அரிக்கும் துளி அமிலத்தையும் காரத்தையும் குறிக்கும். மொழி அறியாதவருக்கும் படம் பேசும்.

ஆயினும் படம் மட்டும் போதாது. ‘இன்ஃபிளேமபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முன்னிற்கும் ‘இன்’ என்பதை எதிர்மறையாகக் கருதி, ‘எரியாதது’ என்று பொருள் கொண்டோர் ஆங்கிலேயரிலும் உண்டு. அதனாலேயே பாதுகாப்புத் துறையினர் ‘ஃபிளேமபிள்’ என்ற சொல்லை முயன்று வழக்கிற்குக் கொணர்ந்தனர். ஆங்கிலம் தாய்மொழியானவருக்கே இந்தத் தடுமாற்றம் என்றால், நம் சோதனைச்சாலையைக் கூட்டிப் பெருக்கும் அம்மையாருக்கும், புட்டி கழுவும் உதவியாளருக்கும், இரவில் காவல் நிற்கும் பெரியவருக்கும் ஆங்கிலச் சீட்டு என்ன சொல்லும்? அவர்களைப் பொறுத்தவரை நம் அலமாரியிலுள்ள புட்டிகள் அத்தனையும் பெயரற்ற புட்டிகளே. பங்காருபாளையத்துக்கு அண்மையிலுள்ள பூதலப்பட்டு மண்டலத்தில் 2020 ஆகஸ்டு 20 அன்று பால் ஆலை ஒன்றில் அமோனியா கசிந்தபோது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்ட பதினால்வரும் பெண் தொழிலாளர்கள். ஆபத்து வரும்போது முதலில் எதிர்ப்படுவோர் பெரும்பாலும் இத்தகையோரே.

தமிழ் மாணவர்களாகிய நாம் செய்யத்தக்க தொண்டு ஒன்று இங்கே காத்திருக்கிறது. புட்டி ஒவ்வொன்றிலும் ஐந்து செய்திகளை எழுதுவோம்: பொருளின் முழுப் பெயர், அதன் செறிவு, அதன் ஆபத்து, திறந்த நாள், திறந்தவர் பெயர். சுருக்கக் குறிகளும் சமன்பாடுகளும் நமக்கு மட்டும் விளங்கும். ஆகவே அவற்றை நம்பி நிறுத்த வேண்டாம். ஆபத்தைக் கூறும் அந்த ஒரு வரியை ஆங்கிலத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவோம். ‘நீர் படக்கூடாது’, ‘நெருப்பருகே கொண்டு செல்லாதே’, ‘முகராதே’ — இவ்வளவே. தெலுங்கு நண்பர் ஒருவர் அருகில் அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் ஓர் அலமாரி முழுவதையும் முடித்துவிடலாம். எழுதப் படிக்க அறியாதவர் இருப்பின், அவரை அழைத்து ஒவ்வொன்றையும் காட்டி, வாயால் சொல்லி வைப்போம்.

தாய்மொழியில் விஞ்ஞானம் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அம்முழக்கம் நூல்களில் வடிவம் பெறுவதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஒரு புட்டியின்மேல் வடிவம் பெறுவதற்கு ஒரு சாண் தாளும் சிறிது பசையும் போதும். நாளை சோதனைச்சாலைக்குள் நுழையும்போது அந்தத் தாளை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.